மலர்ச் செடிகளில் மகரந்தமும் விதைப்பேறும்

வயல் நிறையப் பூக்கும் செடி விதையும் நிறையத் தரும் என்று எண்ணுவது இயல்பு. அவரை, எள் போன்ற பயிர்களில் இவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தும். மாலைக்காகவும் அலங்காரத்திற்காகவும் வளர்க்கப்படும் மலர்ப் பயிர்களிலோ இது அடிக்கடி பிழையாகி விடுகிறது. டெல்லி கனகாம்பரம் ஆண்டின் பெரும்பகுதி பூத்துக் குலுங்குகிறது, விதை தருவதில்லை. நிலச்சம்பங்கி ஒரு முழு வயலை மணக்கச் செய்கிறது. அவ்வயலில் விதைக்காய் காண்பது அரிது. செண்டுமல்லியில் இதழ்கள் மிகுந்து பந்துபோல் திரண்ட சில செடிகளில் மகரந்தமே இல்லை.

இம்மூன்று செடிகளும் ஒரே குறையால் விதையின்றி நிற்பவை அல்ல. மூன்றிற்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு. காரணம் வேறுபடுவதால் பரிகாரமும் வேறுபடும். இதனை அறிந்த களப்பணியாளர் விவசாயிக்கு ஒரு பருவத்தை மிச்சப்படுத்தித் தர இயலும். அறியாதவர், விதைக்க வேண்டிய இடத்தில் தண்டை நடவும், தண்டை நட வேண்டிய இடத்தில் விதைக்குக் காத்திருக்கவும் சொல்லி விடுவார். புதிய மலர் வகைகளை உண்டாக்குவோரும் தம் வேலையை இங்கிருந்தே தொடங்குகின்றனர். எந்தச் செடியைத் தாயாக்குவது, எதனைத் தந்தையாக்குவது என்பதனை மலரின் அழகு முடிவு செய்வதில்லை. மகரந்தமே முடிவு செய்கிறது.

பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் 1967ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் பணிகள் இதற்குத் தக்க சான்றுகளாக அமைகின்றன. கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில், கடுமையற்ற தட்பவெப்பமுடைய இப்பீடபூமியில் பலவகை மலர்ப் பயிர்கள் வளம்பெற வளர்கின்றன. அங்கு நடைபெற்ற பணிகளைக் கொண்டே மேற்கூறிய மூன்று நிலைகளையும் விளக்கலாம்.

மகரந்த மணியின் அமைப்பு

பூவின் மகரந்தப் பையிலிருந்து உதிரும் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு மணியாகும். அதற்கு இரண்டு உறைகள் உண்டு. வெளியுறை மிக உறுதியானது. செடிக்குச் செடி வேறுபடும் வேலைப்பாடு உடையது. செண்டுமல்லி, சாமந்தி, ஆஸ்டர் ஆகியவற்றின் மகரந்தம் முட்கள் நிறைந்து, பிசுபிசுப்புடன் பூச்சிகளின் உடலில் ஒட்டிக் கொள்ளும். செம்பருத்தியின் மணிகளும் முள்ளுடையவை. அளவிற் பெரியவையாதலால் சாதாரணக் கைவில்லையின் உதவியாலேயே மாணவர்களுக்குக் காட்டலாம். நிலச்சம்பங்கி, கிளாடியோலஸ் போன்றவற்றின் மணி படகுபோல் நீண்டு, நடுவே ஒரே பள்ளம் உடையதாயிருக்கும். காற்றினால் பரவும் புல்லினங்களின் மகரந்தம் வழவழப்பாகவும் இலேசாகவும் இருப்பதை இவற்றோடு ஒப்பிட்டுக் காட்டுதல் நன்று.

மணியின் உள்ளே இருப்பது உயிர்ப்பொருள். தகுந்த சூல்முடியின்மீது விழுந்ததும் மணி நீரை உறிஞ்சிப் பருத்து ஒரு குழலை நீட்டுகிறது. அக்குழல் சூல்தண்டின் வழியே இறங்கிச் சூலை அடைந்து, இரண்டு ஆண் அணுக்களை அங்குச் சேர்க்கிறது. ஆகவே பயனுள்ள மகரந்தம் என்பது மூன்று தகுதிகளையுடையது. அது உயிருடன் இருத்தல் வேண்டும். குழல் விடும் ஆற்றல் பெற்றிருத்தல் வேண்டும். விழுந்த சூல்முடியோடு ஒத்துப்போதல் வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஒன்று தவறினும் விதை உண்டாகாது.

உதிரும் சமயத்தில் சில செடிகளின் மணியில் இரண்டு அணுக்களே இருக்கும். ஆண் அணுக்கள் குழல் வளரும்போதுதான் பிரிந்து உருவாகும். பெட்டூனியா, லில்லி ஆகியவை இவ்வகையின. சாமந்திக் குடும்பத்துச் செடிகளிலோ உதிரும்போதே மூன்று அணுக்கள் அமைந்துவிடுகின்றன. இரண்டணு மகரந்தம் பொதுவாக நீடித்து உயிர்வாழும். சர்க்கரைக் கரைசலிலும் எளிதாகக் குழல்விடும். மூவணு மகரந்தம் குறைந்த ஆயுளுடையது. செயற்கைக் கரைசலில் முளைப்பது கடினம். இவ்வேறுபாடு பின்னர் கூறப்படும் சோதனைகளுக்கு இன்றியமையாதது.

முதல் நிலை: ஒவ்வாமை

கன்னடத்தில் சுகந்தராஜ என வழங்கும் நிலச்சம்பங்கி மெக்ஸிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்டது. ஒரே சுற்று இதழ்களையுடைய ஒற்றை வகையும், பல சுற்று இதழ்களையுடைய அடுக்கு வகையும் பயிரிடப்படுகின்றன. இரண்டும் கிழங்கினால் பெருக்கப்படுகின்றன. கிழங்கிலிருந்து வரும் செடி தாய்ச் செடியின் அச்சுப்பிரதியே ஆகும். ஆகையால் வயலில் பல்லாயிரம் செடிகள் நின்றாலும், பரம்பரையை நோக்கின் அவை ஒரே செடியே.

ஒற்றைச் சம்பங்கியின் மகரந்தம் உயிருள்ளது; சூலும் நலமானது. ஆயினும் தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழுந்தால் விதை பிடிப்பதில்லை. இதனைத் தன் ஒவ்வாமை என்பர். மேலும், மகரந்தப் பைகள் வெடித்த பின்னரே சூல்முடி பக்குவமடைகிறது. அயல் செடியின் மகரந்தம் கிடைத்தால் நிலைமை மாறும். ஆனால் வயலிலுள்ள அயல் செடிகளும் அதே செடியின் கிழங்கில் பிறந்தவையாதலால் அவற்றின் மகரந்தமும் தன் மகரந்தமாகவே கருதப்பட்டு மறுக்கப்படுகிறது. வயலில் விதைக்காய் காணாமைக்குக் காரணம் இதுவே. இது மலட்டுத்தன்மை அன்று.

இதனைத் தெளிவாக அறிந்ததன் பயனை விவசாயிகள் இன்று அனுபவிக்கின்றனர். சம்பங்கியின் பெரும் பகைகளுள் ஒன்று வேர்முடிச்சு நூற்புழு. பாதிக்கப்பட்ட நிலத்திலிருந்து எடுத்த கிழங்கோடு புழுவும் புதிய நிலத்திற்குச் செல்லும். கிழங்கினால் மட்டுமே பெருக்கிவரும் வரையில், செடியின் தாங்கும் சக்தியைக் கூட்டும் புதிய சேர்க்கைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு விதை வேண்டும். விதைக்கு வேற்று மகரந்தம் வேண்டும். ஹெசரகட்டாவில் ஒற்றைச் சம்பங்கியைத் தாயாகவும் அடுக்குச் சம்பங்கியைத் தந்தையாகவும் கொண்டு கலப்பு செய்யப்பட்டது. தானே விதை பிடிக்காத அடுக்கு வகை, தந்தையாக நின்று பயன்பட்டது என்பது கவனித்தற்குரியது. இச்சேர்க்கையிலிருந்து கிடைத்த நாற்றுகளிலிருந்து ‘சிருங்கார்’ என்னும் ஒற்றை வகையும், ‘சுவாஸினி’ என்னும் அடுக்கு வகையும் தேர்ந்தெடுக்கப்பட்டன. சிருங்கார் வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் இயல்புடையது. பின்னர் சிருங்காரை மெக்ஸிகன் ஒற்றை வகையோடு சேர்த்து, மொட்டில் இளஞ்சிவப்புச் சாயலுடைய ‘பிரஜ்வல்’ உண்டாக்கப்பட்டது.

ஒரே பெற்றோரிடமிருந்து ஒற்றையும் அடுக்குமாக இரு வகைகள் பிறந்தமை ஆசிரியர்களுக்கு ஓர் அருமையான பாடமாகும். கிழங்கு உள்ளதைக் காக்கிறது. விதை புதியதைத் தருகிறது.

இரண்டாம் நிலை: குரோமோசோம்களின் பொருத்தமின்மை

ஆரஞ்சு, மஞ்சள் நிறக் கனகாம்பர வகைகள் பல விதையினால் பெருக்கப்படுகின்றன. முதிர்ந்து உலர்ந்த காய் ஈரம் பட்டதும் வெடித்து விதைகளைத் தெறிக்கச் செய்யும். ஆனால் டெல்லி கனகாம்பரம் என வழங்கும் வகை இவ்வாறு விதை தருவதில்லை.

கனகாம்பரத்தின் அடிப்படைக் குரோமோசோம் எண்ணிக்கை 10 ஆகும். இருமய வகைகளில் 20ம், நான்மய வகைகளில் 40ம் உள்ளன. டெல்லி கனகாம்பரத்தில் 30 உள்ளன. அதாவது ஒவ்வொரு குரோமோசோமுக்கும் மும்மூன்று பிரதிகள் இருக்கின்றன. இதனை மும்மயம் என்பர்.

மகரந்தம் உருவாகும்போது குரோமோசோம்கள் இணையிணையாகச் சேர்ந்து, பின் பிரிந்து, சரிபாதியாகப் பங்கிடப்பட வேண்டும். இருவர் கைகோத்து நிற்பது எளிது. மூவராயின் ஒருவர் தனித்து விடப்படுவார். தனித்துவிட்ட குரோமோசோம்கள் ஒழுங்கின்றி இப்பக்கமோ அப்பக்கமோ செல்கின்றன. இதனால் ஒரு மணியில் 10 முதல் 20 வரை எத்தனை குரோமோசோம்களும் அமையலாம். முழுத்தொகுதியாக அமையாத மணிகள் பெரும்பாலும் சுருங்கி வெறுமையாகின்றன. சூலிலும் இதே குழப்பம் நிகழ்வதால், வேற்று மகரந்தம் இட்டாலும் பயன் கிட்டுவதில்லை.

ஆதலால் டெல்லி கனகாம்பரத்தில் விதைக்குக் காத்திருப்பது வீண். நுனித்தண்டுத் துண்டுகளை வேரூன்றச் செய்து நடுவதே வழி. அவ்வகையில் விதையின்மை ஒரு குறையும் அன்று. விதையின்றிப் பெருக்கப்படுவதால் தோட்டம் முழுவதும் ஒரே நிறமும் ஒரே அளவுமுள்ள மலர்கள் கிடைக்கின்றன. பூச்சந்தைக்கு வேண்டியதும் அதுவே.

இந்நிலை கனகாம்பரத்திற்கு மட்டும் உரியதன்று. 24 குரோமோசோம்கள் கொண்ட ஆப்பிரிக்கச் செண்டுமல்லியையும், 48 கொண்ட பிரெஞ்சுச் செண்டுமல்லியையும் சேர்த்தால் 36 கொண்ட மும்மயச் செடிகள் பிறக்கின்றன. இவை விதை பிடிப்பதில்லை. விதைக்குச் செலவிட வேண்டிய வளம் மிஞ்சுவதால் நீண்ட நாள் விடாது பூக்கின்றன. ‘நக்கெட்’, ‘ஷோபோட்’ முதலிய மேல்நாட்டு வகைகள் இவ்வாறு உண்டானவை. கலப்பினத்தின் மலட்டுத்தன்மையை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஜெர்மானிய அறிஞர் கோல்ரூட்டர் ஆவார். அவர் 1760ஆம் ஆண்டையொட்டி இரு புகையிலை இனங்களைச் சேர்த்தபோது, பிறந்த செடிகள் செழித்து வளர்ந்து மிகுதியாகப் பூத்தும் விதை தரவில்லை. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு அவர் அச்செடிகளை ஒப்பிட்டார்.

மூன்றாம் நிலை: உறுப்புகளின் மாற்றம்

செண்டுமல்லியில் ஒரு பூ எனத் தோன்றுவது உண்மையில் பல சிறுமலர்களின் கொத்தாகும். வெளிப்புறத்தில் நாக்குப்போன்ற இதழுடைய சிறுமலர்களில் சூலகம் மட்டுமே உண்டு. நடுவிலுள்ள குழல் வடிவச் சிறுமலர்களில் மகரந்தமும் சூலகமும் உண்டு. அடுக்கு கூடக்கூட நடுச் சிறுமலர்கள் குறையும், மகரந்தமும் குறையும். சில செடிகளில் மகரந்தம் உண்டாக வேண்டிய உறுப்புகள் முழுவதும் இதழ்போல் மாறிவிடுகின்றன. இது இதழ்வகை ஆண் மலட்டுத்தன்மை எனப்படும். ஹெசரகட்டாவில் வெளியிடப்பட்ட ‘அர்க்கா அக்னி’, ‘அர்க்கா பங்காரா’ ஆகிய இரண்டும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை தண்டுத் துண்டுகளால் பெருக்கப்படுகின்றன.

இதற்கு மாறான மற்றொரு வகையும் உண்டு. அதில் இதழ்களும் மகரந்தமும் ஆகிய இரண்டுமே இல்லாமல் சூலகம் மட்டும் நிற்கும். பார்வைக்கு அழகற்ற இச்செடியே கலப்பின விதை உற்பத்திக்குப் பெரிதும் உதவுகிறது. சாதாரணச் செடியில் கலப்பு செய்ய வேண்டுமாயின், ஒவ்வொரு மலரிலும் மகரந்தப் பை வெடிக்குமுன் அதனை இடுக்கியால் அகற்ற வேண்டும். சிறுமலர்கள் நெருங்கியுள்ள செண்டுமல்லியில் இது பெரும் உழைப்பையும் செலவையும் வேண்டுவது. ஆண் மலட்டுச் செடியில் அகற்ற வேண்டியது ஒன்றுமில்லை. தேர்ந்தெடுத்த தந்தையின் மகரந்தத்தை இட்டாலே போதும்.

இக்குணம் ஒடுங்கு தன்மையுடைய ஒரு மரபணுவால் அமைவது. எனவே இதனைத் தாயாகக் கொண்டு, நலமான தந்தையோடு சேர்த்துப் பெற்ற முதல் தலைமுறைச் செடிகள் யாவும் முழு இதழுடன் அழகாகப் பூக்கும். ஆனால் அக்குணம் அவற்றினுள் மறைந்திருக்கிறது. விவசாயி அவற்றிலிருந்து விதை எடுத்து அடுத்த பருவம் விதைத்தால், நாற்றுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதழற்ற பூக்களைத் தரும். சந்தையில் அவற்றை எவரும் வாங்கார். விதைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றோ, நிலம் கெட்டுவிட்டது என்றோ விவசாயி எண்ணுவார். கலப்பின விதையைப் பருவந்தோறும் புதிதாக வாங்க வேண்டும் என்னும் அறிவுரைக்குப் பின்னுள்ள காரணத்தை முன்கூட்டியே விளக்கிவிடுதல் களப்பணியாளர் கடமையாகும்.

பெங்களூருவில் கலப்பின விதைத் தொழில் வேரூன்றிய வரலாறும் மலர்களோடு தொடர்புடையது. 1965ஆம் ஆண்டு மன்மோகன் அத்தாவர் இங்குத் தொடங்கிய இந்தோ-அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ் நிறுவனம், கையால் மகரந்தம் இட்டுப் பெறும் கலப்பின மலர் விதைகளை ஏற்றுமதிக்காக உற்பத்தி செய்தது. பெட்டூனியா இதற்கு ஏற்ற செடியாகும். அதன் அடுக்கு மலரில் சூலகம் உருக்குலைந்திருப்பதால் அதனைத் தாயாக்க இயலாது, மகரந்தமோ பயனுள்ளது. ஆகவே ஒற்றை வகை தாயாகவும் அடுக்கு வகை தந்தையாகவும் கொள்ளப்படும். ஜப்பானின் ஸகாட்டா நிறுவனம் 1930களில் எல்லா நாற்றும் அடுக்காகவே பூக்கும் விதையை வெளியிட்டு உலகை வியக்கச் செய்தது இவ்வுண்மையின் அடிப்படையிலேயே.

மகரந்தத்தைச் சோதிக்கும் முறைகள்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள மைக்ராஸ்கோப்பும் சில இரசாயனப் பொருள்களும் பின்வரும் சோதனைகளுக்குப் போதுமானவை.

முதலாவது, சாயச் சோதனை. காலையில் அப்போதே மலர்ந்த பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்துக் கண்ணாடிச் சில்லின்மேல் தூவி, ஒரு சதவீத அஸிட்டோகார்மின் ஒரு துளி இட்டு, மெல்லிய மூடுகண்ணாடியால் மூட வேண்டும். சுமார் 15 நிமிடங்கள் கழித்துப் பார்த்தால், நலமான மணிகள் பருத்துச் செந்நிறம் ஏற்றிருக்கும். மலட்டு மணிகள் சுருங்கி நிறமின்றி நிற்கும். சில்லின் பல இடங்களில் எண்ணிக் கணக்கிட வேண்டும். 250 மணிகளில் 200 சிவந்திருந்தால் 80 சதவீதம் எனக் குறித்துக் கொள்ளலாம். டெல்லி கனகாம்பரத்தையும் விதை பிடிக்கும் கனகாம்பரத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டின், மாணவர்கள் மும்மயத்தின் விளைவைக் கண்ணாரக் காண்பர்.

இரண்டாவது, முளைப்புச் சோதனை. 100 மில்லி லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 10 கிராம் சர்க்கரை, 10 மில்லி கிராம் போரிக் அமிலம், 30 மில்லி கிராம் கால்ஸியம் நைட்ரேட் ஆகியவற்றைக் கரைத்துக் கொள்ள வேண்டும். முழுமையான கலவையில் 20 மில்லி கிராம் மக்னீஸியம் ஸல்பேட்டும் 10 மில்லி கிராம் பொட்டாஸியம் நைட்ரேட்டும் சேரும். இக்கலவையை பிரூபேக்கர், குவாக் என்னும் இருவர் 1963இல் வெளியிட்டனர். மகரந்தக் குழல் வளரக் கால்ஸியம் தேவை என்பதை நிறுவியவர்களும் அவர்களே. கரைசலின் ஒரு துளியில் மகரந்தத்தைத் தூவி, ஈரத்தாள் விரித்த மூடுகிண்ணத்தில் சில மணி நேரம் வைக்க வேண்டும். மணியின் குறுக்களவை விட நீண்ட குழல் விட்டதனையே முளைத்ததாகக் கொள்ளல் வேண்டும்.

சாயம் ஏற்ற மணிகள் யாவும் முளைப்பதில்லை. இறந்து சிறிது நேரமேயான மணியும் சாயத்தை ஏற்கும். எனவே சாயச் சோதனையின் எண் பொதுவாக முளைப்புச் சோதனையின் எண்ணைவிட உயர்ந்திருக்கும். செண்டுமல்லி, ஆஸ்டர் ஆகியவற்றின் மூவணு மகரந்தம் கரைசலில் முளைக்காமை கண்டு அதனை மலடு என்று முடிவு செய்தலும் தவறு.

மூன்றாவதும் முடிவானதும் வயற் சோதனையாகும். பூ விரியுமுன் மகரந்தப் பைகளை அகற்றி, மெழுகுத்தாள் உறையால் மூடி, சூல்முடி பக்குவமுற்றதும் மகரந்தத்தை இட்டு, மீண்டும் மூடி, நாளும் பெற்றோர் பெயரும் எழுதிய சீட்டைக் கட்டிவிட வேண்டும். சில பூக்களுக்குத் தன் மகரந்தமும், சில பூக்களுக்கு வேற்றுச் செடியின் மகரந்தமும் இட்டு ஒப்பிடுதல் அவசியம். சாயம் ஏற்று, குழலும் விட்டு, தன் மகரந்தத்தால் மட்டும் காய்க்காத செடி ஒவ்வாமை உடையது. எம்மகரந்தம் இட்டாலும் காய்க்காத செடி சூலிலும் மலடானது. வேற்று மகரந்தத்தால் காய்த்து, தனக்கென மகரந்தமே இல்லாத செடி ஆண் மலடு.

மகரந்தத்தைச் சேமித்தல்

கலப்பு செய்ய விரும்பும் இரு செடிகள் ஒரே காலத்தில் பூப்பதில்லை. ஒரே ஊரில் இருப்பதும் இல்லை. அப்போது மகரந்தத்தைச் சேமித்து வைக்க வேண்டியுள்ளது. வெப்பமும் ஈரமும் மகரந்தத்திற்குப் பகை. நிழலில் உலர்த்திய மகரந்தத்தைச் சிறு குப்பியிலிட்டு, ஈரமுறிஞ்சும் பொருளுடன் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டணு மகரந்தம் குறிப்பிட்ட காலம் உயிர்த்திருக்கும். நெடுங்காலம் காக்க, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி செண்டிகிரேட் குளிரில் வைக்கும் முறை கையாளப்படுகிறது. கிளாடியோலஸ் மகரந்தத்தை இவ்வாறு உறையவைத்துக் காத்தல் பற்றிய பெங்களூரு நிலையத்தாரின் ஆய்வு 1994இல் வெளியாயிற்று. விதையை வங்கியில் காப்பது போலவே மகரந்தத்தையும் காக்கலாம் என்பது இதனால் விளங்கும்.

களப்பணியாளர் நினைவிற்குரியன

விதை பிடிக்காத மலர்ச்செடி எதனைக் கண்டாலும் உடனே மலடு என்று கூறிவிடலாகாது. முதலில் மகரந்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருப்பின் அது பருத்ததா, சுருங்கியதா என்று பார்க்க வேண்டும். பருத்ததாயின் அயல் மகரந்தத்தால் காய்க்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வாமையுடைய செடிக்கு வேற்று வகையைத் துணையாக்கினால் விதை கிட்டும். மும்மயச் செடிக்குத் தண்டோ கிழங்கோ அன்றி வேறு வழியில்லை. ஆண் மலட்டுச் செடி கலப்பின விதைக்குச் சிறந்த தாயாகும். அதன் சந்ததியில் எடுத்த விதையை மட்டும் மீண்டும் விதைக்கலாகாது.

மலர்த் தோட்டத்தில் விதைக்காய் காணாத விவசாயியின் வினாவிற்கு இம்மூன்று விடைகளுள் ஒன்றே உரியது. அது எது என்பதை, ஒரு துளிச் சாயமும் ஒரு கண்ணாடிச் சில்லும் சீட்டுக் கட்டிய சில பூக்களும் காட்டிவிடும்.